கேஸ் பெஞ்ச்

திருவொற்றியூர்
18.7.2024

என் அன்பு ஷைனிக்கு, ராமு எழுதுவது.

நான் நலம் என்று தொடங்கினால் என் சர்க்கரை ரிப்போர்ட் சிரிக்கும். நீ நலமா என்று கேட்டால், உன் அப்பா, நம் நைனா, போய் ஐந்து வாரம்தான் ஆகிறது, கேட்கிற கேள்வியா இது என்பாய். ஆகவே இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

நீ ஷெஃபீல்டுக்கு விமானம் ஏறியபோது, மெயிலில் ஈ.சி.ஜி. மட்டும், மனுஷப் பேச்செல்லாம் தாளில் என்று ஒப்பந்தம் போட்டோம். பதினெட்டு வருஷம் ஆகிறது. மெயில் வாட்ஸ்அப் ஆகிவிட்டது, நாம் மாறவில்லை. தபால் ஆபீஸில் என் தலை தெரிந்தாலே கவுன்டர் பெண் வெளிநாட்டு ஸ்டாம்பைக் கிழித்து வைத்துவிடுகிறாள். டாக்டர் கையெழுத்தில் இவ்வளவு நீளமாக எழுதினால் அங்கே யார் படிப்பார்கள் என்று ஒருநாள் கேட்டாள். அங்கேயும் ஒரு டாக்டர்தான் என்றேன். அப்படியானால் சரி என்றாள்.

நைனாவின் முப்பதாம் நாள் பூசைக்கு ராயபுரம் சர்ச்சுக்குப் போயிருந்தேன். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முட்டி போடுவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவரைப் பார்த்துச் செய்வோம் என்று முடிவு செய்தேன். அவருக்கு முட்டி வலியாம், பூசை முழுக்க உட்கார்ந்தே இருந்தார். நானும் உட்கார்ந்தே இருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண், "டாக்டர் அம்மாவுக்கு மனசு சரியில்ல போல, எழுந்துக்கவே முடியல" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

உங்க அம்மா நன்றாக இருக்கிறார்கள். நன்றாக என்றால், நைனாவை ஜார்ஜ் ஜார்ஜ் என்று அரை மணிக்கு ஒருதரம் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரில் வஞ்சிரம் வறுவலும் எறால் தொக்கும் வந்தன. வறுவலை நான் முடித்தேன். எறால் இப்போதெல்லாம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதை ஹவுஸ் சர்ஜன்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர் வம்பு: என்னைப் பேராசிரியர் ஆக்கிவிட்டார்கள். அறை வாசலில் புதுப் பலகை. "அவசர மருத்தவத் துறை" என்று எழுதியிருக்கிறது. அவசரத்தில் ஓர் உகரம் விழுந்துவிட்டது. மாற்றச் சொன்னேன், டெண்டர் விட வேண்டுமாம். நீ வரும்வரை நான் மருத்தவம்தான் பார்ப்பேன்.

ஆமாம், அதுதான் முக்கியச் செய்தி. அறுபது படுக்கையோடு புதுக் கட்டிடம் எழும்பிவிட்டது. உங்க சிநேகிதி வருவாரா என்று டீன் மறுபடியும் கேட்டார். ஜனவரியில் தலைமைப் பொறுப்பு உனக்கு, படிப்புப் பொறுப்பு எனக்கு. இருபது வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் காஷுவாலிட்டி டூட்டி என்றால் தண்டனை. நாம் இரண்டு பேரும் ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்து, ஒருநாள் இது ஒரு பாடமாகும், நாம் அதற்கு வாத்தியார் ஆவோம் என்று பேசினோமே, அது இப்போது கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கிறது. யோசித்துச் சொல்.

கோயம்புத்தூர் மாநாட்டில் என்னுடைய அந்த 'கேஸ்' லெக்சரைக் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நைனா போன அன்றைக்கு நம் ஆஸ்பத்திரியில் நடந்ததை விவரமாக எழுது என்று கேட்டிருந்தாய். நீ வந்து இறங்கியபோது ஏர்போர்ட்டில் சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை, ஷைனி. பெரிய அட்டாக். வந்த பத்து நிமிஷத்தில் ஈ.சி.ஜி. எடுத்தோம். எல்லாம் செய்தோம்.

உன்
ராமு


ஷெஃபீல்ட்
3.8.2024

கேஸ் மேடம் அவர்களுக்கு,

வர்றேன்.

நம்ம டூட்டி நோட்டு விதிப்படி மோசமான செய்தியை முதலில் சொல்லிட்டேன். உனக்கு இனிமே தினமும் என் மூஞ்சிதான்.

அந்த நோட்டு ஞாபகம் இருக்கா? நீ பகல், நான் ராத்திரி. மாத்திக்கும்போது பேச நேரம் இருக்காது, எழுதி வெச்சுட்டுப் போவோம். எத்தனை பேர், யாருக்கு என்ன, அதில் சாகப் போறவங்க யார். மோசமானது முதலில், வம்பு கடைசியில். நீதான் எப்பவும் வம்பை முதலில் எழுதுவே. கிளார்க் பொன்னுரங்கத்துக்கு ரெண்டாவது சம்சாரம் இருக்குன்னு அரைப் பக்கம் எழுதிட்டு, கடைசி வரியில் "மூணாவது படுக்கையில் மூச்சு சரியில்லை" என்பே. நான் படிச்சுட்டுக் கீழே "பெற்றுக்கொண்டேன். வூட்டுக்குப் போ" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதுக்கப்புறம் அந்த மூணாவது படுக்கை உன்னுது இல்ல, என்னுது. நீ நிம்மதியா தூங்கலாம்.

அந்த நோட்டுக்குப் பின்பக்கத்தில்தான் உனக்கு ராயபுரத்து பாஷை சொல்லிக்கொடுத்தேன். உடன்குடியிலிருந்து வந்து, "பேஜாரா கீது" என்று ஒரு ஆள் சொன்னதும் பேஜார் எந்த உறுப்பு என்று என்னைக் கேட்டவள் இன்னைக்குப் பேராசிரியர். பலகையில் உகரம் விழுந்தது பொருத்தம்தான்.

இங்கே மூணு மாசம் முன்னாடி ராஜினாமா கொடுக்கணும். செப்டம்பர் முப்பதாம் தேதி கொடுத்தா ஜனவரியில் அங்கே இருப்பேன்.

வந்ததும் நான் செய்யப்போற முதல் வேலை இறப்புக் கூட்டம். இங்கே மாசா மாசம் செத்தவங்க கேஸை எடுத்து வெச்சு உட்காருவோம். யார் தப்பு என்று இல்ல, எங்கே வழுக்கிச்சு என்று. நம்ம ஊரில் அதுக்குப் பேர் விசாரணை. அதை மாத்தணும். போன வருஷம் இங்கே பதினெட்டு வயசுப் பொண்ணு ஒண்ணு தலைவலின்னு வந்துது. பரீட்சை நேரம், தூக்கமில்லாததால வர்ற தலைவலின்னு நான் வீட்டுக்கு அனுப்பினேன். மூணாம் நாள் திரும்பி வந்துது, பேச்சில்லாம. மூளைக் காய்ச்சல். அதோட அம்மாகிட்ட நானே உட்கார்ந்து சொன்னேன், நான்தான் அனுப்பினேன், நான்தான் தவறவிட்டேன் என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிஷம் கிடையாது. ஆனா சொன்ன பிறகுதான் திரும்ப டூட்டிக்குப் போக முடிஞ்சுது.

அந்த முதல் கூட்டத்தில் நைனாவோட கேஸை வைக்கலாம்னு இருக்கேன். அன்னைக்குப் பதிவேட்டின் பக்கம் எனக்கு வேணும். வந்த நேரம், ஈ.சி.ஜி. எடுத்த நேரம், முடிஞ்ச நேரம். கூடவே நடந்ததை உன் கையால எழுதி அனுப்பு. எது இருந்தாலும் எழுது, ராமு. நானும் இந்த வேலையிலதான் இருக்கேன்.

அம்மா உன்னைப் பத்தியே பேசறாங்க. இளைச்சுப் போயிட்டியாம். நம்ப மாட்டேன்.

ஷைனி


திருவொற்றியூர்
17.8.2024

ஷைனி,

மோசமானது முதலில். நைனா ஈ.சி.ஜி.க்கு முன்னால் இரண்டு மணி பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உட்கார வைத்தது நான்.

ஜூன் பதினொன்று உனக்குத் தெரியும். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு மணிக்கு முன்னால் அமோனியா கசிந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அறுபத்திரண்டு பேர். ஆட்டோவில், டெம்போவில், மீன் வண்டியில். எல்லோருக்கும் கண் எரிச்சல், இருமல், வாந்தி. நான், பெனிஷா, இரண்டு ஹவுஸ் சர்ஜன்கள். பெனிஷா முதல் வருஷம் எம்.டி. படிக்கிற பெண், அவளை உனக்குத் தெரியாது. வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சைப் போட்டு, நடக்கிறவர்களை எல்லாம் அதில் உட்கார வைத்து, கண்ணைக் கழுவி, ஈரத்துணி கொடுத்தோம். அதற்குக் கேஸ் பெஞ்ச் என்று பெயர் வைத்தது நான்தான். எனக்கு எதற்காவது பெயர் வைக்காவிட்டால் தலை வெடித்துவிடும்.

பதினொன்று நாற்பதுக்கு நைனா வந்தார். கையில் எறால் பை. காலையில் எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கம் போய் வாங்கியிருக்கிறார். ஸ்கூட்டரில் திரும்புகிறபோது முடியவில்லை, நேரே இங்கே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது, வேர்த்துக் கொட்டியது. பையை என் கையில் திணித்து, "ராமு, ஃபிரிட்ஜ்ல வெய்யி, ஐஸ் கரையப் போவுது" என்றார். என்ன ஆச்சு நைனா என்றேன். அவர் நெஞ்சுக்கு நடுவே உள்ளங்கையை வைத்து, "ஒண்ணுமில்லமா, கேஸ் புட்ச்சிகிச்சி" என்றார்.

நீ நோட்டுக்குப் பின்பக்கம் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். "கேஸ் புட்ச்சிகிச்சி: நாற்பது தாண்டிய ஆம்பளை சொன்னால் அது கேஸ் இல்லை, ஹார்ட். ஈ.சி.ஜி. எடு, அப்புறம் சோடா குடிக்கச் சொல்." அந்த மூன்று வரியை வைத்துத்தான் நான் லெக்சர் கட்டினேன். டாக்டருக்குக் கேஸ் என்றால் நோயாளி, போலீசுக்குக் கேஸ் என்றால் வழக்கு, எண்ணூர்க்காரருக்குக் கேஸ் என்றால் கம்பெனி விடுவது, ராயபுரத்துக்காரருக்குக் கேஸ் என்றால் நெஞ்சுவலி. சிரிப்பார்கள். கை தட்டுவார்கள். பன்னிரண்டு வருஷமாக ஊர் ஊராகப் போய் இந்த ஒரு வார்த்தையை விற்று மாலை வாங்கியிருக்கிறேன். இந்தியாவில் இந்த வார்த்தைக்கு என்னைவிடப் பெரிய நிபுணர் கிடையாது.

அந்த நிபுணர், காத்திவாக்கம் எறால் பையைப் பார்த்தாள், சிவந்த கண்ணைப் பார்த்தாள், "கேஸா, அந்தப் பெஞ்சில் உட்காருங்க நைனா" என்றாள்.

அவர் போய் உட்கார்ந்தார். பெஞ்சின் கடைசியில். மூன்று முறை அவரைக் கடந்து போனேன். மூன்று முறையும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஒருதரம் நான் நின்றேன். "மொதல்ல அவங்களப் பாரும்மா, கொழந்த குட்டியெல்லாம் கீது" என்றார். நானும் போனேன்.

ஒன்று ஐம்பதுக்குப் பெனிஷா என் தோளைத் தொட்டாள். "மேடம், அந்தப் பெஞ்சுல இருமாம உக்காந்திருக்கறது அவர் ஒருத்தர்தான்." என் லெக்சரை நான்கு மாதத்துக்கு முன் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் அவள். ஈ.சி.ஜி.யை அவளே எடுத்தாள். தாளில் பெரிய அட்டாக். இரண்டு மணி ஐந்துக்கு இதயம் நின்றது. நாற்பத்து மூன்று நிமிஷம் நானே அழுத்தினேன். யாரையும் மாற்ற விடவில்லை. அது தப்பு, இரண்டு நிமிஷத்துக்கு ஒருவர் மாற வேண்டும் என்று நான்தான் பாடம் எடுக்கிறேன்.

எறால் மறுநாள் வரை டூட்டி ரூம் ஃபிரிட்ஜில் இருந்தது.

ஏர்போர்ட்டில் நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தியே, அது போதும்டி" என்றாய். அப்போது என் வாயில் பத்து நிமிஷம் என்று வந்தது. இப்போது அந்தப் பத்து நிமிஷத்தை நம்பித்தான் நீ வேலையை விடப் போகிறாய்.

பதிவேட்டுப் பக்கத்தைக் கேட்டபோது பொன்னுரங்கம் என் முகத்தைப் பார்த்தார். நம் காலத்துக் கிளார்க், அவரிடம் எதை மறைக்க முடியும். வந்த நேரம் 11.40, ஈ.சி.ஜி. 1.50 என்று பெனிஷா கையெழுத்தில் இருக்கிறது. பொன்னுரங்கம் மெதுவாக, "முன்னால ஒரே ஒரு ஒண்ணு போட்டா பதினொண்ணு அம்பது ஆயிடும் மேடம். நீல இங்க்தான்" என்றார். அவரைத் திட்டி அனுப்பினேன். பேனாவை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை காலை தபாலில் போட்டுவிடுவேன்.

ராமு


திருவொற்றியூர்
19.8.2024

என் அன்பு ஷைனிக்கு,

வர்றேன் என்ற ஒரு வார்த்தையைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இலவச டீக்குக் காரணம் கேட்கிற வழக்கம் நம் துறையில் இன்னும் வரவில்லை. நீ வந்துதான் கொண்டுவர வேண்டும்.

புதுக் கட்டிடத்தில் உனக்கு ஒதுக்கிய அறையைப் போய்ப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன் தெரிகிறது. நைனா ஓட்டினாரே, அந்த மாதிரி. ஜன்னலை மூடினால் மூடாது. அதற்கும் டெண்டர் விட வேண்டும்.

நான் இளைத்துவிட்டேன் என்று அம்மா சொன்னது அவர்களின் பெருந்தன்மை. கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் உனக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நீ கேட்ட பக்கத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. வருகை 11.40. ஈ.சி.ஜி. 11.50. முடிந்தது 2.48. ஈ.சி.ஜி. தாளில் அச்சாகியிருக்கும் நேரத்தை நம்பாதே. அந்த மெஷினுக்கு 2017லேயே மூளை குழம்பிவிட்டது, இன்றைக்கும் அது பிப்ரவரி என்றுதான் சொல்லும். நடந்ததைத் தனியாக எழுத ஒன்றுமில்லை. கூட்டம் அதிகம், ஆனாலும் நைனாவை உடனே பார்த்தோம்.

இறப்புக் கூட்டத்துக்கு வேறு ஒரு கேஸை எடுத்துக்கொள்ளலாமே. முதல் நாளே சொந்த அப்பாவை மேடையில் ஏற்ற வேண்டுமா? உனக்குத் தாங்காது. எனக்கும்.

உன்
ராமு


ஷெஃபீல்ட்
4.9.2024

அன்புள்ள ராமு,

பக்கம் வந்து சேர்ந்தது. வந்தது 11.40, ஈ.சி.ஜி. 11.50. பத்து நிமிஷம். பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருக்கு.

எட்டு நாள் மேஜை மேல வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன் என்று எழுதணும்னு ஆசை. ஆனா தபால் நேத்துதான் வந்துது. ஒரு நாள்தான் பாத்தேன். போதும்.

இங்கே மழை. டூட்டி அதிகம். இன்னும் ஏதாவது இருந்தா எழுது. முப்பதாம் தேதி வரைக்கும் நேரம் இருக்கு.

ஷைனி


திருவொற்றியூர்
14.9.2024

ஷைனி,

இத்துடன் இன்னொரு கடிதம் இருக்கிறது. ஆகஸ்ட் பதினேழாம் தேதி எழுதினேன். திங்கட்கிழமை காலை தபாலில் போடுவேன் என்று அதிலேயே எழுதியிருக்கிறேன். போடவில்லை. முதலில் அதைப் படி. பிறகு இதற்கு வா.

படித்துவிட்டாயா.

அந்த ஒண்ணைப் பொன்னுரங்கம் போடவில்லை. நான் போட்டேன். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் யாரும் இல்லாதபோது, அவர் விட்டுப் போன பேனாவால். ஒரு கோடு. மேலிருந்து கீழே. எத்தனையோ பேருடைய கழுத்தில், தொடையில், நெஞ்சில் ஊசி ஏற்றியிருக்கிறேன், கை நடுங்கியதில்லை. அன்றும் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று புது பேட்சுக்குக் கேஸ் லெக்சர். தள்ளிப்போட முடியவில்லை, பாடத்திட்டத்தில் இருக்கிறது. வழக்கமான இடத்தில் வழக்கம்போலச் சிரித்தார்கள். முடிவில், "இந்த ஊர்க்காரர் வந்து கேஸ் என்று சொன்னால் எத்தனை நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி.?" என்று கேட்டேன். பத்து என்று எல்லோரும் கத்தினார்கள். பெனிஷா கடைசி வரிசையில் இருந்தாள். எப்போதும் முதல் வரிசையில் உட்காருகிறவள். அவள் கத்தவில்லை. குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய எண்ணுக்கு முன்னால் இன்னொரு எண் முளைத்திருப்பதை அவள் எப்போது பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஆபீஸுக்குப் போனேன். அந்த ஒண்ணின் மேல் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 1.50 என்று எழுதி, "முந்தைய திருத்தம் என்னுடையது, தவறானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீனிடம் சொல்லிவிட்டேன். கமிட்டி போடுவாராம். கேஸ் என்ற வார்த்தைக்குப் போலீஸ்காரர் வைத்திருக்கும் அர்த்தமும் எனக்கு வந்து சேரலாம். நான்கு அர்த்தத்தையும் முழுதாகப் படித்தவள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெனிஷாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றாள். நோயாளிகளிடம் நாம் சொல்வோமே, அந்தப் பரவாயில்லை.

நீ அந்தப் பெண்ணின் அம்மாவிடம் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசியதை எழுதியிருந்தாய். எனக்குக் கதவைத் திறந்து வைத்துத்தான் எழுதினாய் என்று இப்போது தோன்றுகிறது. நான் ஜன்னலுக்கு டெண்டர் விட வேண்டும் என்று பதில் எழுதினேன்.

உங்க அம்மாவிடம் நாளை போய்ச் சொல்லப் போகிறேன். டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வா என்று கேட்க எனக்கு வாயில்லை. வராதே என்று சொல்லவும் மனசில்லை.

ராமு


ஷெஃபீல்ட்
29.9.2024

ராமசெல்விக்கு,

உன் ரெண்டு கடிதமும் நேத்து வந்துது. நாளைக்கு முப்பது. அதனால இன்னைக்கே எழுதறேன்.

மோசமானது முதலில். நான் வரல.

நைனா அன்னைக்கு ஒரு மணி அஞ்சு நிமிஷத்துக்கு அம்மாவுக்குப் போன் பண்ணார். "மேரி, ராமு என்னை கேஸ் பெஞ்ச்சுல குந்த வெச்சிருக்குது. ஒரே கூட்டம், அது பாவம் ஓடிகினு கீது. எறாலு அதுக்குக் குட்த்துட்டேன், நீ வேற வாங்கிக்கோ." அதான் அவர் கடைசியாப் பேசினது. அம்மா இதை என்கிட்ட சொல்லவே இல்ல. ஜூலை கடைசியில், நான் வேலையை விட்டுட்டு உன்கூட வந்து வேலை பார்க்கப் போறேன்னு சொன்னப்பதான் சொன்னாங்க. ஏம்மா இத்தினி நாள் சொல்லலன்னு கேட்டேன். "போனவரு போய்ட்டாரு. இருக்கற புள்ளையும் இன்னாத்துக்குத் தொலைக்கணும்" என்றாங்க. புள்ளைன்னு அவங்க சொன்னது உன்னை.

அதுக்கப்புறம்தான் உனக்கு வர்றேன்னு எழுதினேன். தெரிஞ்சுதான் எழுதினேன். ரெண்டு நாள் அழுதுட்டு, மூணாம் நாள் உட்கார்ந்து யோசிச்சேன். அறுபத்திரண்டு பேர், எறால் பை, கேஸ் பெஞ்ச். அந்த இடத்தில் நான் நின்னிருந்தாலும் அந்தப் பெஞ்சைத்தான் காட்டியிருப்பேன். கேஸ் என்ற வார்த்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான். கம்பெனி கேஸ் விடற அன்னைக்கு என்ன செய்யணும்னு நோட்டில் நான் எழுதல. அது உன் தப்புன்னா அதில் பாதி என்னுது. கூட்டத்தில் உன் பக்கத்தில் நின்னு அதைச் சொல்லணும்னுதான் அந்தப் பக்கத்தைக் கேட்டேன். உன் கையால எழுதுன்னு கேட்டேன்.

நீ அந்த ஒண்ணை அனுப்பினே.

பெஞ்சுக்குப் பக்கத்தில் என்னால நிக்க முடியும், ராமு. அந்த ஒண்ணுக்குப் பக்கத்தில் நிக்க இடமில்ல. அது நைனாவோட ரெண்டு மணி நேரம். வேர்த்துக்கினு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கினு, உன்னை நம்பி அவர் உட்கார்ந்த ரெண்டு மணி நேரம். அதை நீ இல்லன்னு ஆக்கினே. இப்ப அந்த ஒண்ணை அடிச்சுட்டே, எனக்குத் தெரியும். அது பெரிய விஷயம், அதுவும் தெரியும். ஆனா அந்தத் துறையில் உட்கார்ந்து இனிமே எந்த நேரத்தைப் படிச்சாலும், முன்னாடி இருக்கிற ஒண்ணு யாரோடதுன்னு தேடுவேன். அப்படித் தேடறவ தலைமைப் பொறுப்பில் இருக்கக் கூடாது. உன் சிநேகிதியாவும் இருக்கக் கூடாது.

கமிட்டிக்கு என் பேரில் ஒரு கடிதம் அனுப்பறேன். குடும்பத்துக்குப் புகார் இல்ல, அன்னைக்கு அந்தக் கூட்டத்தில் யார் வேணும்னாலும் தவறவிட்டிருக்கலாம்னு எழுதறேன். அது உண்மை, அதனால எழுதறேன். அதில் பெனிஷா பேரை எழுதறேன். இருமாத ஆளைக் கவனிச்சது அந்தப் பொண்ணு. எங்கேயாவது அது பதிவாகணும்.

டிசம்பரில் வந்து அம்மாவை இங்கே கூட்டிட்டு வந்துடறேன். ஏர்போர்ட்டுக்கு வராதே. அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியர் வந்துக்கிட்டுத்தான் இருக்கும். நீ போய்ச் சொன்ன பிறகும் அம்மா நிறுத்தல. நிறுத்தச் சொல்ல மாட்டேன். எறால் வெச்சா சாப்பிடு. அவர் உனக்குன்னு வாங்கினது.

இனி நான் கடிதம் எழுத மாட்டேன். ஆனா நோட்டை மூடாம போறது நம்ம வழக்கமில்ல. அதனால கீழே எழுதறேன்.

ஜார்ஜ், வயது 69. வருகை 11.40. பெஞ்ச், இரண்டு மணி பத்து நிமிஷம். ஈ.சி.ஜி. 1.50. முடிந்தது 2.48.

பெற்றுக்கொண்டேன். இனி இது உன் கேஸ் இல்ல.

வூட்டுக்குப் போ, ராமு.

டாக்டர் ஷைனி ஜார்ஜ்